பாதரசமும் பறவை முட்டையும்

நம் ஊர் ஆற்றின் நிலையை அறிய ஒரு காலத்தில் ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. நொய்யல் பாலத்தின் மேல் நின்று குனிந்து பார்த்தால் போதும். அன்று சாயப்பட்டறைகளில் எந்த நிறம் ஏறியது என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த உழவர்களோ, நீரை நாவில் வைத்துப் பார்த்தே அதிலுள்ள உப்பை அறிந்தனர். நிறத்தைக் கண் கண்டது. உப்பை நாக்கு கண்டது. அதனால்தான் வழக்குத் தொடுக்க முடிந்தது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடலாகாது என்று 2006-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதற்கும், 2011-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கும் பின்னால், எல்லாரும் கண்ணால் கண்ட சாட்சியம் இருந்தது.

ஆனால் நிறமும் மணமும் சுவையும் காட்டாத ஒரு நஞ்சு நீரில் கலந்தால் நாம் எவ்வாறு அறிவோம்? பாதரசம் அத்தகைய நஞ்சு. அது நீரில் மிக மிகச் சிறிய அளவில் கரைந்திருக்கும். தெளிந்த நீரிலும் இருக்கும். மீன் துள்ளி விளையாடும் ஏரியிலும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அறிவியல் அறிஞர்கள் கையாளும் முறைகளுள் ஒன்று, நாம் எளிதில் நினைத்துப் பார்க்காத ஒன்று. நீரை வாழ்விடமாகக் கொண்ட பறவையின் முட்டையை உடைத்துப் பார்ப்பதே அம்முறை. நீரில் உள்ள நஞ்சை முட்டை எப்படிக் காட்டும், அந்த முறை எங்கே பயன்பட்டது, நம் வட்டாரத்துக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பாதரசத்தின் மூன்று வடிவங்கள்

பாதரசம் என்றதும் காய்ச்சல்மானிக்குள் ஓடும் வெள்ளிக் கோடுதான் நம் நினைவுக்கு வருகிறது. இது முதல் வடிவம். தனிம நிலையிலுள்ள பாதரசம். சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக் காற்றில் கலக்கும். இந்த ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்போருக்கு நரம்பும் சிறுநீரகமும் கெடும். இரண்டாவது, உப்புகளாகவும் பிற சேர்மங்களாகவும் உள்ள கனிம நிலைப் பாதரசம். மழையோடு இறங்கி மண்ணிலும் சேற்றிலும் தங்குவது பெரும்பாலும் இதுவே. மூன்றாவது மீதைல் பாதரசம். மூன்றிலும் கொடியது இதுதான்.

மீதைல் பாதரசத்தைப் பெரும்பாலும் உண்டாக்குவது தொழிற்சாலை அன்று, ஏரியின் அடிச்சேறு. உயிர்வளி எட்டாத சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள், குறிப்பாகச் சல்பேட்டைக் கொண்டு வாழ்வு நடத்தும் நுண்ணுயிர்கள், கனிம நிலைப் பாதரசத்தோடு மீதைல் தொகுதி ஒன்றைச் சேர்த்துவிடுகின்றன. இவ்வாறு உருவான பொருள் உயிரணுக்களுக்குள் எளிதில் நுழையும், புரதத்திலுள்ள கந்தகத்தோடு இறுகப் பிணைந்துகொள்ளும், எளிதில் வெளியேறாது. பாசி அதை நீரிலிருந்து ஈர்க்கிறது. பாசியை நுண்ணிய நீர்ப்பூச்சி தின்கிறது. பூச்சியைச் சிறுமீன் தின்கிறது. சிறுமீனைப் பெருமீன் தின்கிறது. பெருமீனைப் பறவையும் மனிதனும் தின்கின்றனர். ஒவ்வொரு படியிலும் அளவு பெருகுகிறது. நீரில் இருந்ததைப் போலப் பத்து இலட்சம் மடங்கும் அதற்கு மேலும் மீதைல் பாதரசம் பெரிய மீன்களின் தசையில் சேர்வதுண்டு.

இதன் விளைவை உலகம் முதலில் உணர்ந்தது ஜப்பான் நாட்டு மினமாட்டாவில். அங்கே இரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீரோடு மீதைல் பாதரசமே நேராக வளைகுடாவில் கலந்தது. அங்குப் பிடித்த மீனை உண்டவர்களின் கைகால்கள் நடுங்கின, பார்வை குறுகியது, பேச்சுக் குழறியது, தாயின் வயிற்றிலிருந்த குழந்தைகளும் தப்பவில்லை. இந்நோய் 1956-ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. ஆனால் மனிதர்களுக்கு முன்பே மீன் தின்ற பூனைகள் வெறிபிடித்தாற்போல் ஆடி மடிந்தன. காகங்கள் பறந்தபடியே வீழ்ந்தன. முதலில் எச்சரித்தவை விலங்குகளும் பறவைகளுமே. கேட்கத்தான் ஆளில்லை.

மலைமேல் ஒரு பாடம்

மினமாட்டா தொலைவில் இருக்கிறது என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. பழனியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் மலைமேல், கொடைக்கானலில், காய்ச்சல்மானி செய்யும் தொழிற்சாலை ஒன்று 1980-களில் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் இயங்கி வந்த ஆலையின் இயந்திரங்களே அங்குக் கொண்டு வரப்பட்டன. அந்த ஆலை பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2001-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் குவியல் ஒன்று கொடைக்கானல் நகரிலேயே பழைய சாமான் கடையில் கிடப்பதைப் பொதுமக்கள் கண்டு வெளிப்படுத்தினர். அதே திங்களில் ஆலை மூடப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அங்கு வேலை செய்த தொழிலாளர்கள் நீண்ட போராட்டம் நடத்தினர். 2016-ஆம் ஆண்டில் 591 முன்னாள் தொழிலாளர் சார்பில் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது.

நம் தலைப்புக்கு நெருங்கிய செய்தி இனித்தான் வருகிறது. ஐதராபாத்தில் அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் பொருட் பகுப்பாய்வு மையத்தின் அறிஞர்கள் கொடைக்கானலில் இரண்டு ஆய்வுகளை நடத்தினர். 2003-இல் வெளியான முதல் ஆய்வில், மரத்திலும் பாறையிலும் படரும் மரப்பாசியையும் கற்பாசியையும் எடுத்துச் சோதித்து, ஆலையிலிருந்து காற்றில் பரவிய பாதரசத்தை அறிந்தனர். காற்று அன்றன்று போய்விடும். பாசி அங்கேயே இருந்து, காற்று கொண்டுவந்ததைச் சேர்த்து வைத்திருக்கும். உயிரைக் கொண்டே மாசை அளப்பது என்பதற்கு இது நம் நாட்டு எடுத்துக்காட்டு.

2006-இல் வெளியான இரண்டாம் ஆய்வு, கொடைக்கானல் ஏரியைப் பற்றியது. ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்தது. அதில் 50 நானோகிராம் அளவு மீதைல் பாதரசம். இந்த எண்ணை ஒரு கணம் நிறுத்தி நோக்க வேண்டும். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கும் பாதரச அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அதாவது 1000 நானோகிராம். ஏரி நீரை மட்டும் சோதித்தவர், அனுமதித்த அளவில் பாதிக்கும் குறைவுதான் என்று கூறித் தாளை மடித்து வைத்திருப்பார். ஆனால் அதே ஏரியின் அடிச்சேற்றிலும் மீன்களிலும் பாதரசம் சேர்ந்திருந்ததை அதே ஆய்வு காட்டிற்று.

நீர்ச் சோதனை பொய் சொல்லவில்லை. அன்று, அந்த இடத்தில், அந்தப் புட்டியில் இருந்ததைச் சொன்னது. உயிருக்குள் எவ்வளவு நுழைந்துள்ளது என்பதை அது சொல்லாது. அதை உயிரிடந்தான் கேட்க வேண்டும்.

முட்டையைத் தேர்ந்தது ஏன்?

உயிரிடம் கேட்பதென்றால் மீனையே சோதிக்கலாமே, முட்டை எதற்கு என்று வினவலாம். மீனையும் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் மீனின் வயது, பருமன், இனம் இவற்றுக்கேற்பப் பாதரச அளவு பெரிதும் மாறும்; ஏரியின் ஒரு மூலையில் பிடித்த மீன் மறு மூலையைப் பற்றிச் சொல்லாது. மீன் தின்னும் பறவையோ, தன் குஞ்சுக்காகவும் தனக்காகவும் ஏரி முழுதும் இரை தேடுகிறது. பலவகைப் பட்ட நூற்றுக்கணக்கான மீன்களின் சராசரி அதன் உடலில் தானே கணக்காகிவிடுகிறது. உணவுச் சங்கிலியின் மேற்படியில் இருப்பதால் அளவு பெருகி நிற்கிறது. கருவிகளால் அளப்பதும் எளிதாகிறது.

முட்டைக்கென்று தனிச் சிறப்புகளும் உண்டு. பெண்பறவை முட்டையிடும்போது தன் உடலிலுள்ள மீதைல் பாதரசத்தில் ஒரு பகுதியை முட்டைக்குள் வைத்து அனுப்பிவிடுகிறது. முட்டையில் காணப்படும் பாதரசத்தில் மிகப் பெரும்பகுதி மீதைல் வடிவமே. டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள் கொழுப்பை நாடுபவை. ஆகவே மஞ்சட்கருவில் தங்கும். மீதைல் பாதரசம் புரதத்தை நாடுவது. ஆகவே வெண்கருவில் மிகுதியாகச் சேரும். முட்டை உருவாவதற்கு முந்திய சில வாரங்களில் தாய்ப்பறவை தின்ற இரையையே அது பெரும்பாலும் எதிரொலிக்கும். எனவே எந்த நீர்நிலை, எந்தப் பருவம் என்று கூறிவிட முடிகிறது. பறவையைக் கொல்லவும் தேவையில்லை.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது மற்றொன்று. நஞ்சு முதலில் தாக்குவது கருவையே. முட்டையில் பாதரசம் பத்து இலட்சத்தில் அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை எட்டும்போதே, பல பறவையினங்களில் முட்டை பொரிப்பது குறையத் தொடங்குகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய் நலமாகப் பறந்துகொண்டிருக்கும், அடை காத்துக்கொண்டும் இருக்கும், முட்டை பொரிக்காது. நம் பாட்டிமார் கூமுட்டை என்று எடுத்து எறிவார்களே, அந்தக் கூமுட்டைக்குள் சில வேளை ஓர் ஏரியின் வரலாறு அடங்கியிருக்கக்கூடும்.

ஒரு மாணவர் எழுதிய கடிதம்

இம்முறை வேரூன்றிய இடம் வட அமெரிக்காவின் பேரேரிகள். அதன் தொடக்கத்தில் ஒரு மாணவர் இருந்தார் என்பது கல்லூரி மலரில் எழுதத்தக்க செய்தி.

நார்வே நாட்டைச் சேர்ந்த நார்வால்ட் ஃபிம்ரைட் என்பவர் கனடாவில் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். அக்காலத்தில் விதைகளைப் பூஞ்சையிலிருந்து காக்கப் பாதரச மருந்து பூசுவது வழக்கம். அவ்விதைகளைத் தின்ற பறவைகளையும் அப்பறவைகளைத் தின்ற வல்லூறு போன்றவற்றையும் அவர் ஆராய்ந்தார். பின்னர் மீன்களையும் சோதித்தார். செயின்ட் கிளேர் ஏரியில் பிடித்த மீனில் பத்து இலட்சத்தில் 7 பங்கு அளவுக்குப் பாதரசம் இருந்தது; கனடா நாட்டில் உணவுக்கு ஏற்கப்பட்ட அளவோ அரைப் பங்குதான். 1970-ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் இதை அரசுக்கு எழுதினார். அவ்வாண்டிலேயே அந்த ஏரியில் மீன்பிடிப்புத் தடை செய்யப்பட்டது.

அந்தப் பாதரசம் எங்கிருந்து வந்தது? காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்யும் ஆலையிலிருந்து. உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சி இவற்றைப் பிரிக்கும்போது, பாதரசத்தையே எதிர்மின் முனையாகக் கொள்ளும் பழைய முறை ஒன்று இருந்தது. அதிலிருந்து பாதரசம் கசிந்து ஆற்றில் கலந்தது. பருத்தித் துணியைச் சலவை செய்யவும் வெளுக்கவும் பயன்படும் அதே காஸ்டிக் சோடாதான். நம் நாட்டு ஆலைகளும் படிப்படியாக அப்பழைய முறையைக் கைவிட்டு மென்படல முறைக்கு மாறின. வெள்ளை வெளேரென்ற பனியன் ஒன்றுக்குப் பின்னால் எங்கோ ஓர் ஆற்றில் பாதரசம் இருந்த காலம் உண்டு என்பதை நெசவுத் தொழிலால் வாழும் நாம் மறத்தலாகாது.

நிற்க. ஆலைகளின் கசிவு தடுக்கப்பட்டது சரி. ஏரி தேறிவருகிறதா என்று அறிவதெப்படி? இதற்குக் கனடா நாட்டு வனஉயிர்ப் பணித்துறை கடற்காக்கையின் முட்டையைத் தேர்ந்தெடுத்தது. பெயர்தான் கடற்காக்கை; கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள நன்னீர் ஏரிகளிலும் கூடு கட்டி வாழும். பேரேரிகளில் வளர்ந்த பறவைகள் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் அங்கேயே தங்குகின்றன. ஆகவே அவற்றின் முட்டையில் உள்ளது அந்த ஏரியின் சரக்கே. 1974-ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட தீவுகளிலிருந்து, ஒரு கூட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், இடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைகளே எடுக்கப்பட்டன. ஒரு பகுதியைச் சோதித்து, மறுபகுதியைக் கடுங்குளிரில் உறையவைத்து ஆட்டவா நகரில் சேமித்து வைத்தனர். 1974 முதல் 2009 வரையிலான கணக்கைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான இடங்களில் முட்டையிலுள்ள பாதரசம் குறைந்திருப்பது தெரிந்தது. தடையும் சட்டமும் பயன் தந்தன என்று மெய்ப்பித்தது முட்டைக் கணக்கு.

அதே கணக்கு எச்சரிக்கவும் செய்யும். கனடாவின் வட ஆல்பர்ட்டாவில் தார்மணல் எடுக்கும் பகுதியின் வழியே அத்தபாஸ்கா ஆறு ஓடி, நன்னீர்க் கழிமுகத்திலும் ஏரியிலும் சேர்கிறது. அங்குக் கூடு கட்டிய இருவகைக் கடற்காக்கைகளின் முட்டைகளில், முன்பு சேகரித்த முதல் ஆண்டைவிட 2012-இல் பாதரசம் உயர்ந்திருப்பதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. தென் ஆல்பர்ட்டாவிலோ அது குறைந்திருந்தது. உலகம் முழுவதும் பரவிய காற்று மாசு மட்டுமே காரணமானால் இரண்டு இடங்களிலும் ஒரே போக்கு இருந்திருக்க வேண்டும். ஆகவே உள்ளூரில் ஏதோ ஊற்று இருக்கக்கூடும் என்று ஆய்வாளர் கருதினர். பழைய கணக்கு இல்லாதிருந்தால் இந்த ஒப்பீடே இயலாது.

சோதனை நடக்கும் விதம்

முட்டையை எடுத்தவுடன் அதன் நீளம், அகலம், எடை மூன்றும் குறிக்கப்படுகின்றன. இது வெறும் சம்பிரதாயம் அன்று. அடை காக்கும் நாள்களில் ஓட்டின் நுண்துளைகள் வழியே முட்டை நீரை இழந்துகொண்டே இருக்கும். நீர் போனால் எடை குறையும். பாதரசம் அப்படியே இருக்கும். எனவே செறிவு கூடியதுபோல் தோன்றும். இப்பிழையை நீக்க முட்டையின் கனஅளவிலிருந்து அதன் தொடக்க எடையைக் கணிக்கின்றனர். நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 0.51 என்னும் எண்ணால் பெருக்கினால் கனஅளவு கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 5 செ.மீ. நீளமும் 3.5 செ.மீ. அகலமும் உள்ள முட்டையின் கனஅளவு ஏறத்தாழ 31 கன செ.மீ. இட்ட அன்று அதன் எடை சுமார் 32 கிராம் இருந்திருக்கும். நம் கைக்கு வரும்போது நீர் வற்றி 20 கிராமே இருக்கிறது. அதில் பத்து இலட்சத்தில் 0.6 பங்கு பாதரசம் காணப்படுகிறது என்று கொள்வோம். அப்படியானால் முட்டையில் உள்ள மொத்தப் பாதரசம் 12 மைக்ரோகிராம். இதை 32 கிராமுக்குப் பங்கிட்டால் உண்மைச் செறிவு 0.375 தான். கணக்கைத் திருத்தாதவர் அபாய எல்லையைத் தாண்டிவிட்டதாக அறிக்கை விட்டிருப்பார்! கூமுட்டையைச் சோதிக்கும்போது இத்திருத்தம் இன்றியமையாதது. கணக்குக்கு எளிதாக இங்கே ஓட்டின் எடையைத் தனியே கழிக்கவில்லை. ஆய்வில் அதையும் கழிப்பர்.

பிறகு ஓட்டை நீக்கி உள்ளீட்டை நன்கு கலக்கி, சிறு பகுதியை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் சூடாக்கிக் கரைக்கின்றனர். கரைசலில் ஸ்டானஸ் குளோரைடு சேர்த்தவுடன் பாதரசம் தனிம நிலைக்குத் திரும்புகிறது. காற்றைச் செலுத்தினால் ஆவியாகி வெளியேறுகிறது. அந்த ஆவியின் ஊடே 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், பாதரச அணுக்கள் அவ்வொளியை உறிஞ்சும். எவ்வளவு ஒளி குறைந்ததோ அதற்கேற்பப் பாதரசம் உண்டு என்று அறியலாம். குளிர் ஆவி அணு உட்கவர் முறை என்பது இதுவே. அளவு முன்னரே தெரிந்த மாதிரி ஒன்றையும் கூடவே சோதித்துக் கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பர்.

ஏமாறக் கூடாத இடங்கள்

முட்டையும் தவறாகப் படிக்கப்படலாம். மீன் குறைந்துபோனதால் பறவை குப்பைமேட்டிலும் வயலிலும் மேயத் தொடங்கினால், ஏரி தூய்மையாகாமலே முட்டையில் பாதரசம் குறையும். இதைக் கண்டறிய முட்டையிலுள்ள நைட்ரஜனை நாடுகின்றனர். நைட்ரஜன் அணுக்களில் சற்றுக் கனமான வகை ஒன்று உண்டு. உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் அதன் விகிதம் ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு கூடுகிறது. ஆகவே அப்பறவை எந்தப் படியில் இரை தின்றது என்பதை முட்டையே சொல்லிவிடும். மேலே கூறிய ஆல்பர்ட்டா ஆய்விலும், இரை மாறியதால் பாதரசம் உயரவில்லை என்பதை இவ்வாறே உறுதி செய்தனர்.

ஒரே கூட்டிலும் முதல் முட்டைக்கும் பின்னைய முட்டைக்கும் அளவு வேறுபடும். ஒரு முட்டையை வைத்து ஓர் ஏரியைப் பழிக்கக் கூடாது; ஓராண்டை வைத்து முடிவு கூறவும் கூடாது. வலசை வரும் பறவையை நம்பவும் கூடாது. குளிர்காலத்தில் நம் குளங்களுக்கு வரும் வாத்தும் ஆலாவும் வேறு நாட்டில் முட்டையிடுபவை. அவற்றின் முட்டை அந்த நாட்டின் கதையைத்தான் பேசும்.

நம் குளமும் நம் பறவையும்

திருப்பூருக்கு அருகே சர்க்கார் பெரியபாளையத்தில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 125 ஹெக்டேருக்குச் சற்று மிகுந்த பரப்புடையது. 2022-ஆம் ஆண்டில் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும் இடம்பெற்றது. தொழில் நகரத்தின் ஓரத்தில் இத்தகைய குளம் எஞ்சியிருப்பது நம் பேறு. இங்கே நாமக்கோழியும் நீலத்தாழைக் கோழியும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் காணப்படுகின்றன. முக்குளிப்பானும் உண்டு. கடற்காக்கைக்கு ஈடாக நம் குளங்களுக்கு ஏற்ற பறவை எது என்று கேட்டால் இந்த முக்குளிப்பானையே காட்டத் தோன்றுகிறது. நீர்ப்பூச்சியும் சிறுமீனும் அதன் உணவு. நீர்மேல் மிதக்கும் தழைக் குவியலே அதன் கூடு. வெளியே செல்லும்போது முட்டைகளைத் தழையால் மூடிவிட்டுச் செல்லும். குளத்தில் பிறந்து குளத்திலேயே தின்று குளத்தின் மேலேயே முட்டையிடும் பறவையைவிடச் சிறந்த சாட்சி வேறு எது?

திருப்பூரின் சாயக்கழிவில் பாதரசமே முதன்மை நஞ்சு என்று நான் கூறவில்லை. அங்கு மிகுந்திருந்தவை உப்பும் சாயமும். ஆனால் பாதரசம் வர வேறு வழிகளும் உண்டு. நிலக்கரி எரியும் இடமெல்லாம் புகையோடு பாதரசமும் எழும். மழை அதை நீர்நிலையில் இறக்கும். கரும்புக் கரணையை நனைத்து நடப் பயன்பட்ட பாதரசப் பூஞ்சைக்கொல்லி நம் நாட்டில் 2018-ஆம் ஆண்டில்தான் தடை செய்யப்பட்டது. பனியன் கம்பெனிகளில் தையல் வரிசைக்கு மேலே வரிசை வரிசையாக எரிந்த டியூப் லைட்டுகளை நாம் அறிவோம். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. எல்.இ.டி. விளக்குகள் வந்தபோது கழற்றப்பட்ட பழைய குழாய்கள் எங்கே போய் உடைந்தன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

மற்றொன்றும் எண்ணத்தக்கது. சாயம் துணியில் ஏறுவதற்காகச் சாயப்பட்டறைகள் சாதாரண உப்பையும் கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டையும் பெருமளவில் பயன்படுத்துகின்றன. சேற்றிலுள்ள எந்த நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீதைல் பாதரசமாக மாற்றுகின்றனவோ, அவற்றுக்குச் சல்பேட் உணவு போன்றது. சல்பேட் குறைவாயிருந்த நீர்நிலைகளில் அதைச் சேர்த்துப் பார்த்தபோது மீதைல் பாதரசம் கூடியதை வட அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவு மீறிப்போனால் சேற்றில் சல்பைடு மிகுந்து அச்செயல் தடைப்படுவதும் உண்டு. எனவே நொய்யல் படுகையில் என்ன நிகழும் என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல முடியும். பயிரைக் கருக்கிய உப்பு என்றுமட்டும் நாம் அறிந்திருந்த பொருளுக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு.

நாம் செய்யக்கூடியது

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் உருவாகி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதை உறுதிசெய்து ஏற்றது. பாதரசத்தைக் கண்காணிக்க வேண்டிய உயிரினங்களுள் மீன்களோடு பறவைகளையும் அவ்வுடன்படிக்கை பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கோவைக்கு அருகே ஆனைகட்டியில் 1990-இல் தொடங்கப்பட்ட சாலிம் அலி பறவையியல் மையத்தின் அறிஞர்கள், பறவைகளிலும் முட்டைகளிலும் பூச்சிக்கொல்லி எச்சங்களை ஆராய்ந்தவர்கள். ஆகவே அறிவும் பட்டறிவும் நமக்கு எட்டும் தொலைவில் உள்ளன.

ஆர்வமிகுதியால் நாளையே கூட்டைத் தேடிப் புறப்பட்டுவிடாதீர்கள்! 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்னும் சொல்லுக்குள் காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். கைவிடப்பட்ட கூமுட்டையை எடுப்பதற்கும் வனத்துறையின் அனுமதி பெற்றாக வேண்டும். ஆனால் கண்ணால் பார்த்துக் கையால் எழுதுவதற்குத் தடையில்லை. சரணாலயக் கரையில் நின்று, தொலைநோக்கியால் எத்தனை கூடுகள், எத்தனையில் குஞ்சு நீந்தியது, எத்தனை பாழாயின என்று விலங்கியல் மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு பேரேட்டில் குறித்து வரலாம். முட்டை பொரிக்காததற்குப் பாம்பு, வெள்ளம், வெயில் எனப் பல காரணங்கள் உண்டு. பாழான கூடெல்லாம் பாதரசத்துக்குச் சான்றாகா. ஆயினும் ஐந்தாறு ஆண்டுக் குறிப்பு கையிலிருந்தால், முறைப்படி அனுமதி பெற்று முட்டையைச் சோதிக்க வரும் ஆராய்ச்சியாளருக்கு அது பெருந்துணையாகும். வேதியியல் மாணவர்கள் தத்தம் தெருவில் பழைய டியூப் லைட்டுகளும் உடைந்த காய்ச்சல்மானிகளும் எங்கே போகின்றன என்று கணக்கெடுக்கலாம். இதற்குக் கருவி வேண்டாம். கால்நடையும் ஒரு குறிப்பேடும் போதும்.

நொய்யலின் நிறம் மாறியபோது ஊரே பார்த்தது. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தும், நீதிமன்ற ஆணை பிறந்து பட்டறைகள் திருந்தப் பல ஆண்டுகள் ஆயின. கண்ணுக்குத் தெரியாத நஞ்சுக்கு அந்த அவகாசமும் கிடையாது. அது தெரியவரும்போது மீனிலும், அம்மீனை உண்ட தாயிலும், அவள் வயிற்றுப் பிள்ளையிலும் சேர்ந்திருக்கும். செயின்ட் கிளேர் ஏரியைக் காத்தது ஒரு மாணவரின் சோதனையும் ஒரு கடிதமும். பேரேரிகள் தேறின என்று உலகுக்கு உணர்த்தியது, ஆண்டு தவறாமல் எழுதப்பட்ட முட்டைக் கணக்கு. நம் குளத்தின் மேலும் முக்குளிப்பான் இந்த ஆண்டும் தழை சேர்த்துக் கூடு கட்டும். அதன் பேரேட்டில் முதல் வரியை எழுத நம் கல்லூரி முன்வருமா?